மலை உச்சி ரிப்பீட்டரை வீட்டிலிருந்து கட்டுப்படுத்துவது: அமெரிக்க ஹாம் விதி கேட்பது என்ன?

ஹாம் ரேடியோ என்பது லைசென்ஸ் வாங்கிய தனிநபர்கள் பொழுதுபோக்காக நடத்தும் ரேடியோ. அதன் ரிப்பீட்டர் பெரும்பாலும் மலை உச்சியிலோ உயரமான கட்டடத்தின் மொட்டை மாடியிலோதான் இருக்கும். ஒரு அலைவரிசையில் கேட்பதை அப்போதே இன்னொரு அலைவரிசையில் கூடுதல் சக்தியோடு திருப்பி விடுவது அதன் வேலை. 146.34 மெகாஹெர்ட்ஸில் வாங்கி 146.94-இல் விடுவது அமெரிக்காவில் பழகிய ஜோடி. பக்கத்தில் ஆள் இருக்க மாட்டார். திடீரென்று தறிகெட்டு ஒலிபரப்ப ஆரம்பித்தால் யார், எங்கிருந்து நிறுத்துவது? அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.யின் பகுதி 97 விதிகளில் இதற்குப் பதில் இருக்கிறது. தொடக்க நிலையான டெக்னீஷியன் லைசென்ஸ் இருந்தாலே ரிப்பீட்டர் நடத்தலாம் என்பதால் புதிதாக வந்தவர்களும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

விதி மூன்று வகைக் கட்டுப்பாடுகளைச் சொல்கிறது. ஆபரேட்டர் கருவி முன்னாலேயே இருப்பது ஒன்று. தூரத்திலிருந்து ஒரு இணைப்பு வழியாக இயக்குவது இன்னொன்று. இதில் அவர் கட்டுப்பாட்டு இடத்தில் இருந்தே ஆக வேண்டும். மூன்றாவது தானியங்கிக் கட்டுப்பாடு; இதில் அவர் அங்கே இருக்க வேண்டியதில்லை. ரிப்பீட்டருக்கு மூன்றாவதற்கும் அனுமதி உண்டு என்பதால்தான் ராத்திரி இரண்டு மணிக்கும் யாரையும் உட்கார வைக்காமல் அது ஓடுகிறது. ஆனால் தவறாக ஒலிபரப்புகிறது, மற்றவர்களுக்கு இடைஞ்சல் செய்கிறது என்று எஃப்.சி.சி. அறிவித்துவிட்டால் தானியங்கி ஓட்டம் உடனே நிற்க வேண்டும். ஆணையத்தின் அனுமதி இல்லாமல் மறுபடி தொடங்க முடியாது. மலையேறிப் போய் நிறுத்திக்கொள்ளலாம் என்ற திட்டம் பனி விழும் மாதங்களில் எடுபடாது.

சரி, இணைப்பு எப்படி இருக்க வேண்டும்? ஃபைபர், இன்டர்நெட், செல்போன் என்று வேறொரு தொலைத்தொடர்புச் சேவையைப் பயன்படுத்தினால் அது கம்பி இணைப்பாகவே கணக்கில் வரும். ஹாம் அலைவரிசை வழியாகக் கட்டளை போனால் அனுப்பும் நிலையம் 'துணை நிலையம்' ஆகிவிடும், அதற்குத் தனி எல்லைகள் உண்டு. 2006 வரை துணை நிலையம் 2 மீட்டர் பட்டையில் (144 முதல் 148 மெகாஹெர்ட்ஸ்) இயங்கக் கூடாது. அந்த ஆண்டு திருத்தத்துக்குப் பிறகு 144.5 முதல் 145.8 வரையும், 146 முதல் 148 வரையும் திறந்துவிட்டார்கள். அதனால் இன்று 2 மீட்டர் ரிப்பீட்டரின் உள்வரும் அலைவரிசையிலேயே போன் பட்டன் ஒலிகளால் அதை நிறுத்தலாம். ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. அந்த அலைவரிசையை ஒருவர் வேண்டுமென்றே அமுக்கிக்கொண்டிருந்தால் உங்கள் கட்டளை எப்படி உள்ளே போகும்? 440 மெகாஹெர்ட்ஸ் பக்கம் தனி ரிசீவர் ஒன்றும், அதற்கு மேல் செல்போன் வழி ஒன்றும் இருந்தால் கவலை குறையும்.

அதிகம் குழம்புவது மூன்று நிமிட விதியில்தான். காரில் மைக் மேலேயே யாரோ உட்கார்ந்துவிட, ரிப்பீட்டர் அந்த எஞ்சின் இரைச்சலை ஓயாமல் ஒலிபரப்புகிறது. அதை வெட்டுவதற்குத்தான் டைமர் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த டைமர் தேவைதான். ஆனால் பகுதி 97-இன் 97.213-ஆம் பிரிவு சொல்வது வேறு: தொலைக்கட்டுப்பாட்டில் இருக்கும் நிலையத்தின் கட்டுப்பாட்டு இணைப்பு பழுதானால், ஒலிபரப்பு மூன்று நிமிடத்துக்கு மேல் நீளாதபடி ஏற்பாடு இருக்க வேண்டும். பேசுபவர் மைக்கை விட்டதும் சாதாரண டைமர் பூஜ்யத்துக்குப் போய்விடும். இன்டர்நெட் அறுந்தது அதற்குத் தெரியாது. ஆகவே இணைப்பு உயிரோடிருக்கிறதா என்று பார்க்கும் தனிச் சுற்று வேண்டும். என்னைக் கேட்டால் அதை ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியின் மென்பொருளுக்குள் வைக்காதீர்கள். பை உறைந்தால் டைமரும் சேர்ந்து உறையும். சிக்னல் வந்துகொண்டிருக்கும்வரை மட்டும் ஒட்டியிருந்து, நின்றதும் தானாக விடும் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) ஒன்று போதும்.

கண்காணிப்பில் விதி தாராளமாகவே இருக்கிறது. அளவீடுகளை அனுப்பும் டெலிமெட்ரி, பொருளை மறைக்கும் சங்கேதமாகக் கருதப்படாது என்று 97.217 சொல்கிறது. பேட்டரி வோல்டேஜ், பெட்டிக்குள் வெப்பம், மின்சாரம் இருக்கிறதா, கதவு திறந்ததா என்று எதையும் அனுப்பலாம். ஆன்டெனாவிலிருந்து திரும்பி வரும் சக்தியின் அளவை மட்டும் விட்டுவிடாதீர்கள். மழைக்குப் பிறகு அது மெல்ல ஏறினால் கேபிள் இணைப்பில் தண்ணீர் இறங்கியிருக்கலாம். டிரான்ஸ்மிட்டர் சூடாகிக் கருகுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

ஹாம் அலைவரிசையில் பொருளை மறைத்து அனுப்பத் தடை உண்டு. கட்டளைகளை மட்டும் மறைத்து அனுப்பலாமா? விண்ணில் சுற்றும் ஹாம் செயற்கைக்கோளுக்குப் போகும் கட்டளைகளுக்கு விதி அந்தச் சலுகையை எழுத்திலேயே கொடுக்கிறது. தரையிலுள்ள நிலையத்துக்கான 97.213-இல் அது இல்லை. ஆனால் அனுமதியில்லாத ஒலிபரப்பு நடக்காமல் பாதுகாக்க வேண்டும் என்று அதே விதி கேட்கிறது. பட்டன் ஒலியை ரேடியோ வைத்திருக்கும் யாரும் பதிவுசெய்து திரும்ப ஒலிக்கலாம். எனவே முக்கியமான கட்டளைகளை இன்டர்நெட் வழிக்கு மாற்றி, அங்கே பாஸ்வேர்டும் வி.பி.என்.னும் போடுவதே உசிதம். ஹாம் அலைவரிசைக்கான தடை அங்கே வராது.

அப்புறம் ஒரு காகித வேலை. லைசென்ஸ் நகலும், லைசென்ஸ்தாரர் மற்றும் குறைந்தது ஒரு ஆபரேட்டரின் பெயர், முகவரி, போன் எண் கொண்ட சீட்டும் நிலையத்தில் கண்ணில் படும்படி ஒட்டியிருக்க வேண்டும். கிளப்பில் யாரிடம் கட்டளை எண்கள் இருக்கின்றன என்பதையும் எழுதி வையுங்கள். ஆவணம் எதுவும் இல்லையென்றால் லைசென்ஸ்தாரரே கட்டுப்பாட்டு ஆபரேட்டர் என்று எஃப்.சி.சி. எடுத்துக்கொள்ளும். பட்டனை அழுத்தியவர் யாராக இருந்தாலும் கேள்வி லைசென்ஸ்தாரரிடம்தான் வரும்.