பிளைவுட் பெட்டி, பிக்கப் வண்டி, பின்பாரம்

அமெரிக்காவில் தச்சர், எலக்ட்ரீஷியன், பிளம்பர் என்று பலருக்கும் பிக்கப் வண்டிதான் பட்டறை. ஆனால் அதன் பின்தொட்டி திறந்து கிடக்கும். மழை நேரே உள்ளே விழும், ஒவ்வொரு திருப்பத்திலும் சுத்தியலும் குறடும் மூலைக்கு மூலை உருளும். அதனால் பலர் தாங்களே பிளைவுட் அறுத்து, தொட்டியின் நீளத்துக்கு இரண்டு டிராயர் வைத்த பெட்டி செய்து பொருத்திக்கொள்கிறார்கள். அளவும் ஒத்துழைக்கிறது. அங்கே ஒரு பிளைவுட் பலகை 4 அடிக்கு 8 அடி. பெரிய பிக்கப்களில், சக்கரங்களுக்கு இடம்விட்டுத் தொட்டிக்குள் புடைத்திருக்கும் இரண்டு மேடுகளுக்கு நடுவே 4 அடிக்குச் சற்றுக் கூடுதலாகவே இடம் இருக்கும். பலகை அகலவாக்கில் அப்படியே படுத்துக்கொள்ளும்.

மரத்தைவிட இரும்புத் தகடு நல்லதல்லவா என்று தோன்றும். கணக்குப் போட்டால் வேறு விடை வருகிறது. 4 அடிக்கு 8 அடி அளவில் 12 மி.மீ. பிளைவுட் சுமார் 21 கிலோ. அதே அளவில் 1.5 மி.மீ. இரும்புத் தகடு சுமார் 35 கிலோ. பொருளுக்குப் பொருள் பார்த்தால் பிளைவுட்டைவிட இரும்பு ஏறக்குறைய 25 மடங்கு விறைப்பானது. ஆனால் இங்கே பிளைவுட் 8 மடங்கு தடிமன். ஒரு பலகை வளையும்போது அதன் மேல்பரப்பு அமுங்குகிறது, கீழ்ப்பரப்பு இழுபடுகிறது, நடுப்பகுதி சும்மா இருக்கிறது. பரப்புகள் நடுவிலிருந்து விலக விலக வளைவுக்கான எதிர்ப்பு வேகமாக ஏறும். தடிமன் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு. தடிமன் 8 மடங்கானால் 512 மடங்கு. 512-ஐ 25-ஆல் வகுத்தால் சுமார் 20. எடை குறைந்த பிளைவுட், வளையாமல் நிற்பதில் இரும்புத் தகட்டைவிட 20 மடங்கு மேல்! கடையில் விற்கும் உலோகப் பெட்டிகளில் மடிப்பும் வரியும் போட்டிருப்பது இந்தக் குறையை ஈடுகட்டத்தான். பிக்கப் தொட்டியின் தரையில் அலை அலையாக வரிகள் இருப்பதற்கும் இது ஒரு காரணம்.

பெட்டி உறுதியாக இருந்தால் மட்டும் போதாது, பாரம் எங்கே உட்காருகிறது என்பதும் முக்கியம். மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்குப் பின்பாரம் என்றால் தெரியும். அச்சுக்குப் பின்னால் சுமை கூடினால் நுகத்தடி மேலே தூக்கும். பிக்கப்பிலும் அதே கதைதான். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 3.7 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பின் அச்சுக்கு 1 மீட்டர் பின்னால், அதாவது பின்கதவை ஒட்டி, 100 கிலோ வைத்தால் பின் அச்சில் ஏறுவது 127 கிலோ. முன் அச்சிலிருந்து 27 கிலோ குறைகிறது. வண்டியைத் திருப்புவதும் பெரும்பாலான பிரேக் வேலையைச் செய்வதும் முன்சக்கரங்கள்தான். அவற்றின் பிடியைக் குறைப்பது நல்லதல்ல. கைக்கு எட்டுகிறது என்று கனமான கருவிகளை எல்லாம் கதவோரம் அடுக்குவது இயல்பு. எனக்கு அது சரியாகப் படவில்லை. கனமானவை தொட்டியின் முன்பக்கமும், இலேசானவை கதவோரமும் இருக்கட்டும்.

டிராயருக்கும் இதே நெம்புகோல் விதிதான். 1.5 மீட்டர் டிராயரில் 40 கிலோ சீராகப் பரவியிருக்கிறது. அதை 1 மீட்டர் வெளியே இழுக்கிறோம். உள்ளே மிச்சம் அரை மீட்டர். அதன் பின்நுனி மேல் பலகையை 20 கிலோ விசையோடு மேலே தள்ளும், பெட்டியின் வாய்விளிம்பு 60 கிலோ தாங்கும். அதனால் மேல் பலகையைச் சும்மா வைத்துவிடாமல் பசையும் திருகும் போட்டு இறுக்க வேண்டும்.

அப்புறம் பிரேக். அமெரிக்க வணிகச் சரக்கு வாகன விதிப்படி, கட்டிய சுமை முன்னோக்கி அதன் எடையில் 0.8 மடங்கு விசையைத் தாங்க வேண்டும். கருவிகளோடு 60 கிலோ பெட்டி என்றால் அது 48 கிலோ. உராய்வு எண் 0.3 என்று கொண்டால் உராய்வு பிடித்துவைப்பது 18 கிலோதான். மீதி 30 கிலோவை யாராவது தாங்க வேண்டும். பெட்டிக்கும் தொட்டியின் முன்சுவருக்கும் இடையே 30 செ.மீ. விட்டிருந்தால், பெட்டி மணிக்கு 6 கி.மீ. வேகத்தில் போய் முட்டும். சுவரை ஒட்டியே வைத்தால் முட்டுவதற்கு இடமே இல்லை. அதோடு பெட்டிக்குப் போல்ட் போட்டு, தொட்டியில் ஏற்கெனவே இருக்கும் கொக்கித் துளைகளில் மாட்டுவது நல்லது. புதிதாகத் துளை போடும் முன் கீழே குனிந்து பாருங்கள். பல பிக்கப்களில் எரிபொருள் தொட்டி அங்கேதான் இருக்கிறது.

கடைசியாக ஈரமும் அரிப்பும். பிளைவுட் தண்ணீர் குடிப்பது பெரும்பாலும் அறுத்த விளிம்பில்தான், ஆகவே விளிம்புக்கு இரண்டு கை கூடுதலாக வார்னிஷ் அடிக்க வேண்டும். சிலர் கரையானுக்கும் ஈரத்துக்கும் மருந்து ஏற்றிய மரத்தை அடிச்சட்டமாக வைக்கிறார்கள். 2003 இறுதியோடு அமெரிக்காவில் வீட்டு உபயோக மரத்துக்கு ஆர்சனிக் கலந்த மருந்து நின்றுபோய், செம்பு அதிகமுள்ள மருந்துகள் வந்தன. ஈரம் பட்டால் செம்பு அலுமினியத்தை அரிக்கும். ஃபோர்டு எஃப்-150 வண்டிக்கு 2015 மாடலிலிருந்து அலுமினிய பாடி. அந்த வண்டியில் சாதாரண மரச்சட்டம் வைத்து, அதற்கும் தரைக்கும் நடுவே ரப்பர் பாய் விரித்து, இரும்பு போல்ட் அலுமினியத்தை நேரே தொடாதபடி அதற்கு அடியில் பிளாஸ்டிக் வாஷர் போடுவதே சரி.