கேப்ஸ்யூல் எண்டோஸ்கோப்பி: மெடிக்கல் எய்ட் 'கிடையாது' என்றால் பணம் கட்டும் முன் படியுங்கள்

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் பக்கத்து வீட்டுத் தம்பிக்கு ஒரே வருடத்தில் இரண்டு முறை ரத்தம் ஏற்றினார்கள். வாய் வழியாகவும் ஆசனவாய் வழியாகவும் குழாய் விட்டுப் பார்த்தாயிற்று, ஒன்றும் அகப்படவில்லை. அப்படியானால் கசிவு சிறுகுடலில் இருக்கலாம். கேமரா பொருத்திய மாத்திரையை விழுங்க வைத்துப் பார்ப்போம் என்றார் டாக்டர், அதுதான் கேப்ஸ்யூல் எண்டோஸ்கோப்பி. மெடிக்கல் எய்டுக்கு, அதாவது மாதச் சந்தா கட்டும் மெடிக்கல் ஸ்கீமுக்கு, போன் போட்டால், "உங்களுடையது ஹாஸ்பிட்டல் பிளான், இது அட்மிட் ஆகாமல் செய்யும் டெஸ்ட், கிடையாது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். கடன் வாங்கிக் கட்டினார். குடலில் நெடுநாள் வீக்கமும் புண்ணும் உண்டாக்கும் கிரோன்ஸ் நோய் என்று தெரிந்தது.

அந்த ஒரு வரிப் பதிலை நம்பியதுதான் தப்பு. 1998ஆம் ஆண்டு மெடிக்கல் ஸ்கீம்ஸ் சட்டத்தின்படி பிஎம்பி என்ற குறைந்தபட்சச் சலுகை எல்லா பிளானுக்கும் உண்டு, மலிவான ஹாஸ்பிட்டல் பிளானுக்கும் சேர்த்து. கிரோன்ஸ் அந்தப் பட்டியலில் இருக்கிறது. பட்டியலில் உள்ள நோய் என்று உறுதியானால், அதைக் கண்டுபிடிக்க ஆன செலவும் பிஎம்பிதான். அதை ஸ்கீமில் உங்கள் பெயரில் இருக்கும் சேவிங்ஸ் கணக்கிலிருந்து கழிக்கவும் கூடாது. கழித்துவிட்டு, கேட்டால் மட்டும் திருப்பிப் போடுகிறவர்கள் உண்டு. ஸ்டேட்மென்ட்டைப் பாருங்கள்.

மாட்டிக்கொள்ளும் இடம் பெரும்பாலும் பில்லில் நோயைக் குறிக்கும் கோட் எண். பில்லில் 'டி64.9' என்று போட்டால் 'ஏதோ ரத்தசோகை' என்றுதான் அர்த்தம், கம்ப்யூட்டரே தள்ளிவிடும். ரத்தக் கசிவால் வந்த இரும்புச்சத்துக் குறைவுக்கு டி50.0, கறுப்பு மலத்துக்கு கே92.1. நோய் உறுதியான பிறகு அந்த நோயின் கோட் எண்ணைப் போட்டு பில்லைத் திரும்ப அனுப்பச் சொல்லுங்கள். ரிசப்ஷனில் சலித்துக்கொள்வார்கள், சலித்துக்கொள்ளட்டும்.

அடுத்தது டாக்டர். ஸ்கீம் குறித்துக் கொடுத்த இடத்துக்குப் போகாமல் நீங்களாக வேறு இடம் போனால் ஒரு பங்கு உங்கள் தலையில் விழும். அங்கே அந்த வசதி இல்லை, அல்லது நியாயமான நாளுக்குள் இடம் இல்லை என்றால் விழாது. ஆனால் 'இடம் இல்லை' என்பதை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

போனில் சொல்லும் மறுப்புக்கு மதிப்பே இல்லை. காரணத்தையும், எந்த நெறிமுறைப்படி மறுத்தார்கள் என்பதையும் ஈமெயிலில் கேளுங்கள். கேட்டால் அந்த நெறிமுறையைக் காட்டியாக வேண்டும் என்று விதியே இருக்கிறது. அப்புறமும் மறுத்தால் முதலில் ஸ்கீமின் தலைமை அதிகாரியான பிரின்சிபல் ஆஃபீசருக்கு, பிறகு ஸ்கீம்களைக் கண்காணிக்கும் மெடிக்கல் ஸ்கீம்ஸ் கவுன்சிலுக்குப் புகார். கவுன்சில் அனுப்பும் புகாருக்கு ஸ்கீம் 30 நாளில் பதில் சொல்ல வேண்டும்.

மாதம் சில நூறு ரேண்ட் கட்டும் 'ஹாஸ்பிட்டல் கேஷ் பிளான்' மெடிக்கல் எய்டே இல்லை. அது இன்சூரன்ஸ், பிஎம்பி கிடையாது. நம் வீடுகளில் பாதிப் பேர் இதைத்தான் மெடிக்கல் எய்ட் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 90 நாளுக்கு மேல் எந்த ஸ்கீமிலும் இல்லாமல் இருந்து புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் காத்திருப்புக் காலத்தில் பிஎம்பி மறுக்கப்படலாம்.

ஸ்கீமே இல்லாதவர்களுக்கு அரசு ஆஸ்பத்திரிதான். ஆல்பர்ட் லுதுலி போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்கு நேராகப் போனால் வாசலிலேயே திருப்பிவிடுவார்கள். முதலில் கிளினிக், பிறகு சாட்ஸ்வொர்த்தின் ஆர்.கே. கான் ஆஸ்பத்திரி என்று படிப்படியாகத்தான் ஏற வேண்டும். ரெஃபரல் கடிதத்தில் ஹீமோகுளோபின் அளவு, ரத்தம் ஏற்றிய தேதிகள், இரண்டு குழாய்ப் பரிசோதனை ரிப்போர்ட்டுகள் எல்லாம் இருக்கின்றனவா என்று அங்கேயே படித்துப் பாருங்கள். ஒன்று குறைந்தாலும் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்யச் சொல்லலாம். சாஸா கிராண்ட் என்ற அரசு உதவித்தொகை வாங்குகிறவர்கள் அந்த அட்டையை எடுத்துப் போங்கள், கட்டணம் இல்லை. மற்றவர்களுக்கு வருமானத்தைப் பார்த்துத்தான் கட்டணம், பே ஸ்லிப்பை மறக்காதீர்கள்.

அப்ரூவல் கிடைத்துவிட்டதா, சரி. இரும்பு மாத்திரையைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்தாவிட்டால் குடல் கறுத்துப் படம் தெரியாது, இரண்டாம் முறைக்கு ஸ்கீம் தராமல் போகலாம். வலி மாத்திரை நெடுநாள் சாப்பிட்டிருந்தால், வயிற்றில் ஆபரேஷன் நடந்திருந்தால், விழுங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். குடல் குறுகிய இடத்தில் கேமரா மாத்திரை சிக்கிக்கொள்ளலாம். அது வெளியே வந்தது உறுதியாகும் வரை எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்கவே கூடாது.