வாலன்டூரிசம்: தமிழில் என்ன சொல்வது?

காசு கட்டி வெளிநாட்டுக்குப் போவது, அங்கே இரண்டு வாரம் பள்ளிக்கூடச் சுவருக்கு வண்ணம் அடிப்பது அல்லது அநாதை இல்லத்தில் ஆங்கிலம் சொல்லிக் கொடுப்பது, மீதிப் பொழுதில் ஊர் சுற்றிப் பார்ப்பது. இந்த ஏற்பாட்டுக்குத்தான் வாலன்டூரிசம் என்று பெயர். வாலன்டியர், டூரிசம் இரண்டையும் ஒட்டவைத்த சொல். 1990களில் ஆங்கிலத்தில் புழங்கத் தொடங்கியது. அப்போது பெருமையாகச் சொன்னார்கள். இப்போது பெரும்பாலும் குத்தலாகத்தான் சொல்கிறார்கள்.

வாலன்டியருக்கு மூலம் 'விருப்பம்' என்று பொருள்படும் லத்தீன் சொல், வொலுன்டாஸ். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தபோது, 1600 வாக்கில், யாரும் கட்டாயப்படுத்தாமல் தானே படையில் சேர்ந்தவனைக் குறித்தது. சேவை என்ற பொருள் அப்புறம் ஏறியது. டூருக்கு மூலம் கிரேக்கத்தின் தோர்னோஸ். வட்டம் போடும் கருவிக்கும் கடைசல் பொறிக்கும் அந்தப் பெயர். வட்டமடித்துவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே திரும்புவது டூர். ஆக, வேர்களை மட்டும் வைத்துப் பார்த்தால் 'விரும்பிப் போய்ச் சுற்றிவிட்டு வருவது' என்றுதான் வரும். உதவி என்பது இரண்டு வேரிலுமே இல்லை!

குத்தல் எங்கிருந்து வந்தது என்றால் கம்போடியாவுக்குப் போக வேண்டும். அங்கோர்வாட் பார்க்க வருகிறவர்கள் தங்கும் ஊர் சியம் ரீப். அங்கேயும் தலைநகர் நோம் பென்னிலும் அநாதை இல்லங்கள் பெருகின. 2005 முதல் 2010 வரையிலான ஐந்தாண்டில் நாடு முழுவதும் இல்லங்களின் எண்ணிக்கை 75 விழுக்காடு கூடியது என்று 2011இல் யுனிசெஃப் சொன்னது. போர் முடிந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன; பெற்றோரை இழந்த குழந்தைகள் கூடவில்லை, கூடியவர்கள் சுற்றுலாப் பயணிகள்தான். இல்லங்களில் இருந்த குழந்தைகளில் நான்கில் மூன்று பங்கினருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருந்தார்கள். படிப்பும் சாப்பாடும் கிடைக்கும் என்று கிராமத்திலிருந்து அனுப்பிவைத்தவர்கள் அவர்கள். சில இல்லங்களில் சாயங்காலமானால் குழந்தைகளுக்கு அப்சரா நடன உடை மாட்டி விருந்தினர் முன்னால் ஆடவிட்டார்கள். குழந்தை இருந்தால்தான் வாலன்டியர் வருவார், வாலன்டியர் வந்தால்தான் நன்கொடை வரும். இப்படிப் பெற்றோர் இருந்தும் ஆவணத்தில் மட்டும் அநாதையாக்கப்பட்டவர்களை ஆங்கிலத்தில் 'காகித அநாதைகள்' என்கிறார்கள். ஏட்டுச் சுரைக்காய் என்று நம்மிடம் ஒரு வழக்கு இருக்கிறதே, அதை வைத்து 'ஏட்டு அநாதை' என்றே சொல்லிவிடலாம். நேபாளத்திலும் இல்லங்கள் காத்மாண்டு, போக்கரா போன்ற சுற்றுலா ஊர்களைச் சுற்றித்தான் குவிந்தன.

இல்லத்துக்குப் போய் வந்தவர்கள் அநேகமாக எல்லோரும் சொல்லும் ஒன்று உண்டு: 'உள்ளே நுழைந்ததுமே குழந்தை ஓடிவந்து மடியில் ஏறிக்கொண்டது.' அதை அன்பு என்று நினைத்து நெகிழ்ந்துபோகிறார்கள். முன்பின் தெரியாத ஆளின் மடியில் ஒரு குழந்தை தயக்கமில்லாமல் ஏறுவதைக் குழந்தை உளவியலாளர்கள் வேறு மாதிரி பார்க்கிறார்கள். நிலையாக ஒருவர் கவனிப்பில் வளராத குழந்தையிடம் காணப்படும் அறிகுறி அது. நம் வீட்டுப் பிள்ளை என்றால் முதலில் அம்மா முந்தானைக்குப் பின்னால்தானே ஒளியும்? இரண்டு வாரத்துக்கு ஒரு புது அக்கா, புது அண்ணன் வந்து பழகிவிட்டுக் காணாமல்போனால் அந்தப் புண் எப்படி எளிதில் ஆறும்?

ஆஸ்திரேலியா நவீன அடிமைமுறைச் சட்டத்தை 2018இல் கொண்டுவந்தபோது, அநாதை இல்லங்களுக்காகக் குழந்தைகளைக் கடத்துவதையும் அந்தக் கொடுமையின் ஒரு வடிவமாக ஏற்றுக்கொண்டது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையும் இல்லங்களில் நடக்கும் வாலன்டியர் திட்டங்களால் குழந்தைகளுக்கு வரும் தீங்கைத் தடுக்கச் சொல்லித் தீர்மானம் போட்டது.

சரி, தமிழுக்கு வருவோம். 'தன்னார்வச் சுற்றுலா' என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. எந்தச் சுற்றுலாதான் தன்னார்வம் இல்லாமல் நடக்கிறது? ஆர்வலர் என்ற சொல் குறளிலேயே இருக்கிறது. 'அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ்' என்ற குறளில் அன்புடையவர் என்ற பொருளில் வருகிறது. தன்னார்வலர் என்பது அதை வைத்துப் பிற்காலத்தில் கட்டியது. நல்ல சொல்தான், ஆனால் இங்கே வேலைக்கு ஆகாது.

தொண்டு இன்னும் கனமான சொல். அடிமைப்பணி என்பது அதன் பழைய பொருள்களில் ஒன்று. உழவாரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு கோயில் கோயிலாகப் புல் செதுக்கிய அப்பர் 'என் கடன் பணி செய்து கிடப்பதே' என்றார். அங்கே விருப்பம் தொண்டனுடையதல்ல, ஆண்டவனுடையது. பிற்பாடு கட்சித் தொண்டர் வந்தார். இலங்கையில் சம்பளமில்லாமலோ சிறு கொடுப்பனவுக்கோ ஆண்டுக்கணக்கில் பாடம் நடத்திவிட்டு நிரந்தர நியமனம் கேட்டுப் போராடுபவர்களுக்குத் தொண்டர் ஆசிரியர் என்று பெயர்.

சுற்றுலாவுக்குள் உலா இருப்பதையும் கவனியுங்கள். உலா இலக்கியத்தில் தலைவன் பவனி வருவான். ஏழு பருவப் பெண்களும் வீதியில் நின்று பார்ப்பார்கள். பார்க்கப்படுவதற்காகப் போவது அந்த உலா. குழந்தைகள் சூழ எடுத்த படத்தை முகப்புப் படமாக வைக்கும் வழக்கத்தைப் பார்த்தால், இந்தச் சொல் தானாகவே பொருந்திவிட்டது போலத் தெரிகிறது. எனவே என் தேர்வு 'தொண்டுச் சுற்றுலா'. இதில் முதன்மைச் சொல் சுற்றுலாதான், தொண்டு அதற்கு வெறும் அடைமொழி என்பது வெளிப்படையாக நிற்க வேண்டும். போகிறவர் தொண்டுச் சுற்றுலாப் பயணி.

வெளிநாடு போய் உழைப்பவர்கள் எல்லோரையும் இந்தப் பெயருக்குள் அடைப்பதும் தவறு. 1961இல் தொடங்கிய அமெரிக்க அமைதிப் படையில் (பீஸ் கோர்; ராணுவம் அல்ல, அமெரிக்க அரசு நடத்தும் தன்னார்வப் பணி அமைப்பு) சேர்கிறவர் பயிற்சி மூன்று மாதம், பணி இரண்டு ஆண்டு என்று மொத்தம் 27 மாதம் கொடுக்கிறார். உள்ளூர் மொழி கற்கிறார். அதை 'அயல்நாட்டுத் தன்னார்வப் பணி' என்றே சொல்லலாம். ஒரு திட்டத்துக்கு எந்தப் பெயர் பொருந்தும் என்று பார்க்கச் சில கேள்விகள் போதும். அழைத்தவர் யார், உள்ளூர்க்காரரா, பயண முகவரா? இதே வேலையைச் சொந்த ஊரில் செய்ய உங்களை விடுவார்களா? மருத்துவம் படித்து முடிக்காதவர் அங்கே தையல் போடலாம் என்றால், நோயாளி ஏழை என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது. குழந்தைகளோடு பழகப்போகிறவரிடம் காவல்துறை நற்சான்று கேட்டார்களா? எந்த விசா? நேபாளத்தில் சுற்றுலா விசாவில் போய் வாலன்டியர் வேலை பார்ப்பது சட்டத்துக்குப் புறம்பு. விசாவில் சுற்றுலா என்று எழுதியிருந்தால், அறிவிப்பில் தொண்டு என்று எவ்வளவு பெரிய எழுத்தில் போட்டிருந்தாலும் அது தொண்டுச் சுற்றுலாதான்.