காசும் டம்ளரும் கிரகண நிலாவும்

2019 டிசம்பர் 26 அன்று காலையில் கோவை, திருப்பூர், கரூர் பக்கமெல்லாம் சூரியன் நெருப்பு வளையமாகத் தெரிந்தது ஞாபகம் இருக்கும். அன்றைக்கு வாங்கிய கறுப்புக் கண்ணாடியை என் அண்ணன் பீரோவில் பத்திரமாக வைத்திருந்தார். 2025 செப்டம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சந்திர கிரகணம் என்றதும், அதை எடுத்து மாட்டிக்கொண்டு மொட்டைமாடிக்கு வந்துவிட்டார். நிலாவைப் பார்த்தார். கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தார்.

"ஏம்மிணி, இதுல ஒண்ணுந் தெரியிலயே?"

தெரியாது. சூரிய ஒளியில் லட்சத்தில் ஒரு பங்குபோலத்தான் அந்தக் கண்ணாடி உள்ளே விடும். முழு நிலாவோ சூரியனைவிடச் சுமார் 4 லட்சம் மடங்கு மங்கல். கிரகணம் பிடித்தால் இன்னும் மங்கும். ஆகவே வெறும் கண்ணால் எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம், கண்ணுக்கு ஒன்றும் ஆகாது. கழுத்துத்தான் வலிக்கும். அன்றைக்கு நிலா ஏறக்குறைய உச்சிக்கே வந்துவிட்டதால், கயிற்றுக்கட்டிலை மேலே ஏற்றிப் படுத்துக்கொண்டு பார்த்தோம். சென்னிமலைப் பக்கம் என் பிறந்த வீடு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேற்குக் காற்று மேகங்களைத் தள்ளிக்கொண்டே இருந்தது. ஐந்து நிமிடம் நிலா, மூன்று நிமிடம் மேகம் என்றுதான் ராத்திரி ஓடியது.

கணக்குப்படி 8.58க்கே கிரகணம் தொடங்கிவிட்டது. ஆனால் அப்போது நிலா நுழைவது புறநிழலில். அங்கே சூரியனின் ஒரு பகுதியைத்தான் பூமி மறைக்கும், மீதி வெளிச்சம் நிலாவில் விழுந்துகொண்டே இருக்கும். ஒரு மணி நேரம் உற்றுப் பார்த்தாலும் லேசாகப் புகை படிந்தது போலத்தான் தெரியும். பிள்ளைகள் முறுக்கில் மும்முரமாகிவிட்டார்கள். 9.57க்குக் கிழக்கு ஓரத்தில் முதல் கடி விழுந்தது. அதுதான் கருநிழல், சூரியனைப் பூமி முழுசாக மறைக்கும் இடம்.

நிலா நொடிக்குச் சுமார் 1 கிலோமீட்டர் வேகத்தில் பூமியைச் சுற்றுகிறது. அதன் அகலம் 3,474 கிலோமீட்டர். தன் உடம்பு முழுவதையும் நிழலுக்குள் இழுத்துக்கொள்ள ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆவது அதனால்தான். 11.01 வரைக்கும் நேரம் இருந்தது. அந்த ஒரு மணி நேரத்தில் மகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன்.

பழைய ஒரு ரூபாய் காசு ஒன்றைத் தாளில் வைத்துச் சுற்றி வரையச் சொன்னேன். அதுதான் நிலா. பிறகு பைனாகுலரில் பார்த்து, நிழலின் விளிம்பு நிலாவை எப்படி வெட்டுகிறது என்று அந்த வட்டத்துக்குள் ஒரு வளைகோடு. பத்தரை மணிக்கு வரைந்தது நன்றாக வந்தது. அந்தக் கோடு ஒரு பெரிய வட்டத்தின் துண்டு. அந்த வட்டம் எவ்வளவு பெரியது? சமையலறையிலிருந்து பாத்திரங்கள் மாடிக்கு வந்தன. சொம்பின் வாய் பெரிதாக இருந்தது, ஊறுகாய்க் கிண்ணம் சின்னது. கடைசியில் அம்மாவின் சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வைத்தபோது விளிம்பு கோட்டின் மேல் அப்படியே உட்கார்ந்தது. ஸ்கேலால் அளந்தால் டம்ளர் வாய் 68 மில்லிமீட்டர், காசு 25. அப்படியென்றால் நிலா இருக்கும் தூரத்தில் பூமியின் நிழல் நிலாவைப் போல 2.7 மடங்கு அகலம்.

கையால் வரைந்ததில் நம் ஆசையும் கொஞ்சம் கலந்துவிடும் என்ற சந்தேகம் எனக்கு இருந்தது. அண்ணன் மகன் பைனாகுலர் வழியாக ஃபோனில் எடுத்த படத்தை மறுநாள் பெரிதாக்கி வட்டம் பொருத்திப் பார்த்தோம். ஏறக்குறைய அதே கணக்குத்தான்.

சரி, நிழலை அளந்தாயிற்று, பூமியை எப்படி அளப்பது? நிழலும் பூமியும் ஒரே அளவில்லை. சூரியன் பூமியைவிட மிகப் பெரியது என்பதால் நிழல் போகப் போகக் குறுகும். எங்கள் ஊரில் இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம், வீட்டுக்கு வீடு நூல் கோன் கிடக்கும். பூமிக்குப் பின்னால் அப்படி ஒரு கோன், சுமார் 14 லட்சம் கிலோமீட்டர் நீளத்துக்கு. நிலா 3,84,000 கிலோமீட்டர் தூரத்தில் அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. அதற்குள் கோன் எவ்வளவு குறுகியிருக்கும் என்று தெரிந்தால் போதும்.

இங்கேதான் அண்ணனின் கண்ணாடி உதவியது. 2019இல் நாம் பார்த்தது நிலாவின் நிழல் கோனை. அன்றைக்கு நிலா சூரியனை முழுதாக மறைக்கவில்லை, ஓரத்தில் வளையம் மிஞ்சியது. அதாவது நிலாவின் நிழல் குறுகிக் குறுகி, நம் தரைக்குக் கொஞ்சம் மேலேயே முனையாகித் தீர்ந்துவிட்டது. அடிப்பக்கம் ஒரு நிலா அகலம், பூமிக்கு வருவதற்குள் பூஜ்யம். அந்தத் தூரத்தில் நிழல் இழந்தது ஒரு நிலா அகலம். அதே சூரியன், அதே தூரம், எனவே பூமியின் நிழலும் நிலாவைச் சேர்வதற்குள் ஒரு நிலா அகலத்தைத்தான் இழந்திருக்க வேண்டும். இழந்ததைத் திருப்பிச் சேர்த்தால் 2.7உடன் 1, மொத்தம் 3.7. பூமியின் அகலம் 3.7 நிலா.

உண்மையான கணக்கு 12,742ஐ 3,474ஆல் வகுத்தால் 3.67. டம்ளரை வைத்துக்கொண்டு இவ்வளவு நெருங்கியது எனக்கே கொஞ்சம் கூடுதலாகத்தான் பட்டது. கிரேக்கத்து அரிஸ்டார்க்கஸ் கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலேயே இந்த வழியில் போனவர். அவர் நிழலின் அகலம் இரண்டு நிலா என்று எடுத்துக்கொண்டார். எங்கள் டம்ளர் அவரைவிடக் கொஞ்சம் தேறியது என்று மகளுக்குப் பெருமை.

நிலாவின் தூரத்துக்கும் அதே காசு போதும். கொடிக்கயிற்றில் காசை ஒட்டிவிட்டு, அது நிலாவைச் சரியாக மறைக்கும் வரை பின்னால் நகர வேண்டும். இதை வேறொரு பௌர்ணமியில் செய்து பார்த்தோம். கிட்டத்தட்ட இரண்டே முக்கால் மீட்டர் வந்தது, அதாவது 110 காசு நீளம். ஆக நிலா 110 நிலா அகலத் தூரத்தில் இருக்கிறது. பூமிக் கணக்கில் 30 பூமியை வரிசையாக அடுக்கின தூரம்.

மாதா மாதம் பௌர்ணமி வருகிறதே, கிரகணம் ஏன் வருவதில்லை என்பது அண்ணன் மகனின் கேள்வி. இரண்டு சைக்கிள் ரிம்மை ஒரே மையத்தில் வைத்து, ஒன்றை லேசாகச் சாய்த்தால் இரண்டே இடத்தில்தான் வெட்டிக்கொள்ளும். நிலாவின் பாதை 5 டிகிரி சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வால் நிலா 34,000 கிலோமீட்டர் வரை மேலேயோ கீழேயோ விலகிப் போகலாம். நிழலின் அகலம் சுமார் 9,200 கிலோமீட்டர்தான். பெரும்பாலும் தப்பிவிடுகிறது. வெட்டும் அந்த இரண்டு இடங்களைத்தான் பஞ்சாங்கம் ராகு, கேது என்கிறது. பாம்பு என்று சொன்னாலும் கணக்கு சுத்தமான கணக்கு. நிலாவை மறைப்பது பூமியின் நிழல் என்று ஆரியபட்டர் கி.பி. 499இலேயே எழுதிவிட்டார்.

11 மணி தாண்டியதும் பேச்சு நின்றது. நிலா காணாமல் போகவில்லை, செங்கல் நிறத்துக்கு மாறியது. சொல்லப்போனால் முழு நிழலுக்குள் நிற்கும் நிலா தெரியவே கூடாது. தெரிவதற்குக் காரணம் நம் காற்று. பூமியின் ஓரத்தை உரசிக்கொண்டு போகும் ஒளியைக் காற்று மண்டலம் கண்ணாடி வில்லை போல ஒரு டிகிரிக்கு மேல் உள்பக்கம் வளைக்கிறது. நிழலின் நடுவுக்கே போய்ச்சேர அது போதும். நீண்ட தூரம் காற்றுக்குள் போவதால் நீலம் சிதறி வழியிலேயே கழன்றுவிடும், சிவப்பு மிஞ்சும். சாயங்காலச் சூரியன் சிவப்பாக இருப்பதும் இதனால்தான்.

நாங்கள் பார்த்த சிவப்பு எந்த ஊர்ச் சிவப்பு என்றுகூடச் சொல்லலாம். கிரகணம் உச்சத்தில் இருந்த 11.42க்கு, கானா பக்கம் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கரும்புத் தோட்டத்து வேலைக்கு நம் ஆட்களைக் கப்பலேற்றிக் கொண்டுபோன ஃபிஜியில் பொழுது விடிந்துகொண்டிருந்தது. அந்த மாலையும் அந்த விடியலும் நிலாவில் பட்டுத் திரும்பி எங்கள் மாடியில் விழுந்தன. காற்றில் எரிமலைச் சாம்பலும் துகளும் அதிகம் இருந்தால் இந்த ஒளி வழியிலேயே அடைபடும். பிலிப்பைன்ஸில் பினாடுபோ 1991இல் வெடித்த பிறகு, 1992 டிசம்பர் கிரகணத்தில் நிலா கண்டுபிடிக்கவே சிரமமாகும் அளவுக்குக் கறுத்துப்போனது.

மாடித் தரை அந்த நேரத்திலும் காலுக்கு வெதுவெதுப்பாகவே இருந்தது. பகலில் வாங்கிய சூட்டை சிமெண்ட் அவ்வளவு லேசில் விடாது. நிலாவின் மேல்தரையோ பொடி மண். காற்றும் இல்லை, பொடிக்குள் சூடு ஆழமாக இறங்குவதும் இல்லை. நிழல் விழுந்த ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே 100 டிகிரிக்கு மேல் சூடு இறங்கிவிடும்.

இதற்கிடையே அம்மா கீழே வாசலில் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நட்டு வைத்திருந்தார். "கெரகணம் புடிச்சாத்தான் நிக்கும், விட்டுச்சுன்னா உளுந்துரும்" என்றார். நின்றது. பார்க்கவும் அழகாகத்தான் இருந்தது. 12.22க்கு நிலாவின் ஓரத்தில் வெளிச்சம் வந்தது, 1.26க்கு நிழல் முழுசாக விலகியது. அம்மா தலைக்கு ஊற்றிக்கொள்ளப் போனார், உலக்கை விழுவதற்குள் நாங்கள் தூங்கிவிட்டோம்.

உலக்கையின் அடியில் தட்டையான இரும்புப் பூண் இருக்கிறது. எடை நேராக அதன்மேல் இறங்கும்படி பொறுமையாக நிறுத்தினால் என்றைக்கும் நிற்கும். கிரகணத்தால் கூடுதல் இழுப்பு எதுவும் கிடையாது. சூரியன், பூமி, நிலா மூன்றும் ஏறக்குறைய ஒரே கோட்டில் வருவது எல்லாப் பௌர்ணமியிலும் நடப்பதுதான். நிழலுக்கென்று தனியாக ஈர்ப்பு இல்லை. மறுநாள் மத்தியானம், நல்ல வெயிலில், மகள் அதே தாம்பாளத்தில் உலக்கையை வைத்துப் பார்த்தாள். மூன்றாவது தடவை கையை எடுத்தாள், நின்றுவிட்டது.

"அம்மாயி, இன்னைக்கும் நிக்குதுங்க!"

அம்மா அந்தச் சில்வர் டம்ளரில் காபியை ஆற்றிக்கொண்டே எட்டிப் பார்த்தார். "நேத்து நின்ன பழக்கத்துல நிக்குது கண்ணு" என்றார்.