மின் விநியோகம் தனியார் கைக்குப் போனால்: ஒடிசாவும் டெல்லியும்

மின் விநியோகத்தைத் தனியாருக்குக் கொடுக்கலாமா என்ற விவாதத்தில் ஆதரிப்பவர்கள் டெல்லியைக் காட்டுவார்கள். எதிர்ப்பவர்கள் ஒடிசாவைக் காட்டுவார்கள். இரு தரப்பும் சொல்வது உண்மைதான். ஏன் ஓரிடத்தில் தேறியது, மற்றோரிடத்தில் சரிந்தது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

ஒரே தெருவில் இரண்டு நிறுவனங்கள் தனித்தனியே கம்பம் நட்டுக் கம்பி இழுப்பது பெரும்பாலும் வீண் செலவு. மும்பையின் சில பகுதிகள் விதிவிலக்கு. ஆகவே உரிமையாளர் அரசானாலும் தனியாரானாலும் போட்டி கிடையாது. கட்டணத்தை மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கிறது. மின்சாரம் வாங்கிய செலவு, சம்பளம், கடன் வட்டி, முதலீட்டுக்கு அனுமதித்த லாபம் ஆகியவற்றோடு, வாங்கிய மின்சாரத்தில் பணமாகத் திரும்பாத பங்கான இழப்பில் எவ்வளவைக் கணக்கில் ஏற்கலாம் என்ற வரம்பையும் வைத்து அது கணக்கிடுகிறது. என் பார்வையில், இந்த வரம்பில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

ஒரு நிறுவனம் 100 யூனிட் வாங்குகிறது. 80 யூனிட்டுக்குத்தான் பில் போட முடிகிறது. அந்தத் தொகையிலும் முக்கால் பங்கே வசூலாகிறது என்று வைத்துக்கொள்வோம். கைக்கு வந்தது 60 யூனிட்டுக்கான பணம். இழப்பு 40 சதவீதம். இதில் ஒரு பகுதி இயற்பியல்: கம்பியில் மின்னோட்டம் இரட்டித்தால் வெப்பமாக வீணாவது நான்கு மடங்காகும். மீதி கொக்கி போட்டுத் திருடுவது, பழுதான மீட்டர், கட்டாத பில். திருட்டு மின்மாற்றியின் சுமையை ஏற்றுவதால் அந்த முதல் பகுதியையும் சேர்த்தே பெருக்கிவிடுகிறது.

இந்தியாவில் முதலில் சீர்திருத்தத்தில் இறங்கிய மாநிலம் ஒடிசா. 1996-இல் மின்வாரியத்தைப் பிரித்தது. 1999-இல் நான்கு விநியோக நிறுவனங்களையும் தனியாருக்குக் கொடுத்தது. ஆனால் இழப்பை உண்மையில் இருந்ததைவிடக் குறைவாக மதிப்பிட்டிருந்தார்கள். சொத்துகளின் மதிப்பையோ ஏட்டில் உயர்த்தினார்கள். அதனால் நிறுவனங்கள் வாங்கும் மின்சாரத்தின் விலை ஏறியது, வசூல் ஏறவில்லை. இடைக்காலத்தைக் கடக்க அரசின் நிதியுதவியும் இல்லை. அதே ஆண்டு அக்டோபரில் அடித்த பெரும் புயல் கம்பங்களைச் சாய்த்துப் போட்டது. மத்தியப் பகுதியை எடுத்திருந்த அமெரிக்க நிறுவனமான ஏஇஎஸ் 2001-இல் வெளியேறியது. மற்ற மூன்று நிறுவனங்களின் உரிமங்களை ஆணையம் 2015-இல் ரத்து செய்தது.

டெல்லி இதைக் கவனித்தது போலிருக்கிறது. 2002 ஜூலையில் மின்வாரியத்தைப் பிரித்து மூன்று விநியோக நிறுவனங்களில் 51 சதவீதப் பங்கைத் தனியாருக்குக் கொடுத்தபோது, யார் அதிக விலை தருகிறார்கள் என்று கேட்கவில்லை. ஐந்து ஆண்டுகளில் இழப்பை எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்டது. வாக்களித்த இலக்கைத் தவறவிட்டால் நட்டம் நிறுவனத்துக்கு; மிஞ்சினால் லாபத்தில் பங்கு. முதல் ஐந்தாண்டுப் பற்றாக்குறையைத் தாங்க அரசு 3,450 கோடி ரூபாய் ஒதுக்கியது. கொக்கி மாட்ட முடியாதபடி, காப்புறை போட்டு முறுக்கிய கம்பிகள் தெருக்களில் வந்தன. 50 சதவீதத்தைத் தாண்டியிருந்த இழப்பு இன்று 10 சதவீதத்துக்கும் கீழ். இழப்பைக் குறைப்பதே லாபம் என்று ஆக்கிய அந்த ஒப்பந்தத்தை, உரிமை மாற்றத்தைவிட நான் பெரிதாக மதிக்கிறேன். அதே நிபந்தனையை ஓர் அரசு தன் நிறுவனத்துக்கும் விதிக்கலாம். விதிக்க மனம் வேண்டும்.

ஒடிசா பின்வாங்கவில்லை. 2020, 2021 ஆண்டுகளில் நான்கு நிறுவனங்களின் 51 சதவீதப் பங்கும் டாடா பவர் கைக்குப் போனது. மீதி அரசிடமே உள்ளது.

டெல்லியிலும் எல்லாம் சரியாகிவிடவில்லை. ஆணையம் செலவை ஏற்றுக்கொண்டு, கட்டணத்தை மட்டும் உயர்த்தாமல் தள்ளிப்போட்டால், வித்தியாசம் நிலுவையாகச் சேர்ந்து வட்டியும் ஏறும். மக்கள் கோபத்துக்கு அஞ்சும் அரசியல் இதைச் செய்ய வைக்கிறது. விநியோகத்தைத் தனியார் நடத்துவதால் அது மாறிவிடவில்லை. டெல்லி நுகர்வோர் 2012 முதல் இதற்காக 8 சதவீதம் கூடுதலாகக் கட்டியும் நிலுவை தீரவில்லை. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், நாடு முழுவதும் இத்தகைய பழைய நிலுவைகளைக் குறிப்பிட்ட கெடுவுக்குள் தீர்க்க உத்தரவிட்டது.