தத்தெடுப்பு வேறு, வளர்ப்புப் பராமரிப்பு வேறு: எந்தக் குடும்பத்துக்கு எந்த உதவி?

தத்தெடுத்த பெண்ணையும் 'வளர்ப்பு மகள்' என்கிறோம். பெற்றோர் இல்லாமல் அத்தை வீட்டில் வளர்கிற பெண்ணையும் 'வளர்ப்பு மகள்' என்கிறோம். பேச்சு வழக்கில் இது போதும். அரசு அலுவலகத்தில் போதாது. "மாசம் 4,000 ரூபாய் தர்றாங்களாமே" என்று விசாரித்து வருபவர்களில் பலர் தவறான வரிசையில் நிற்பதற்குக் காரணம் இந்த ஒரே சொல்தான்.

தத்தெடுப்பு என்றால், உத்தரவு வந்த நாளிலிருந்து அந்தப் பிள்ளை சட்டப்படி உங்கள் பிள்ளை. சொத்துரிமையும் அதில் அடக்கம். எனவே அதற்கு மாத உதவித்தொகை எதுவும் கிடையாது. பெற்ற பிள்ளைக்கு யாரும் மாதப்பணம் தருவதில்லை அல்லவா, அதே கணக்கு.

வளர்ப்புப் பராமரிப்பு என்பது குழந்தைகள் நலக் குழுவின் (ஆதரவு தேவைப்படும் குழந்தைகள் பற்றி முடிவெடுக்கும் அரசுக் குழு) உத்தரவுப்படி ஒரு குழந்தையைக் குறிப்பிட்ட காலத்துக்கு உங்கள் வீட்டில் வைத்து வளர்ப்பது. பெற்றோர் உரிமை உங்களுக்கு வராது. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் இதற்குக் குழந்தை ஒன்றுக்கு மாதம் 4,000 ரூபாய் உண்டு.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. பலருக்கும் தெரியாதது இதுதான். தாய் தகப்பன் இருவரும் இறந்துபோய், பேரனைப் பாட்டி வளர்க்கிறார் என்று வையுங்கள். அவர் தத்தெடுக்கவும் வேண்டாம், வளர்ப்புப் பராமரிப்புக்கு மனு போடவும் வேண்டாம். அதே திட்டத்தின் நிதி ஆதரவுப் பிரிவில் அந்தப் பேரனுக்கு மாதம் 4,000 ரூபாய் கேட்கலாம். கணவரை இழந்த தாயும், கைவிடப்பட்ட தாயும் தங்கள் பிள்ளைக்காகக் கேட்கலாம். குடும்பத்தின் ஆண்டு வருமானம் கிராமமானால் 72,000 ரூபாய்க்குள்ளும், மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள்ளும் இருக்க வேண்டும். இன்றைய கூலிக்கு இந்த வரம்பு ரொம்பவே குறைவு என்பது என் எண்ணம். ஆனாலும் விதி அதுதான்.

இந்த மூன்றுக்கும் நீங்கள் போய் வழி கேட்க வேண்டிய இடம் ஒன்றே: மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. இடைத்தரகர் யாரும் தேவையில்லை.

சரி, தத்தெடுப்புக்கு வருவோம். பதிவு முழுக்க இணையத்தில், மத்திய தத்து வள ஆணையத்தின் தளத்தில். பலரும் இதைச் சுருக்கமாகக் 'காரா' என்பார்கள். தம்பதியானால் திருமணமாகி நிலையான இரண்டு ஆண்டு இல்லறம் வேண்டும். தனியாக வாழும் பெண் எந்தக் குழந்தையையும் தத்தெடுக்கலாம்; தனியாக வாழும் ஆண் பெண் குழந்தையைத் தத்தெடுக்க முடியாது. வயதுக் கணக்கில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். 2 வயது வரையுள்ள குழந்தைக்குக் கணவன் மனைவி இருவர் வயதையும் கூட்டினால் 85-ஐத் தாண்டக் கூடாது. அவருக்கு 45, இவருக்கு 41 என்றால் கூட்டுத்தொகை 86. ஒரே ஒரு வயது வித்தியாசத்தில் வாய்ப்பு போகும். ஆனால் 2 முதல் 4 வயதுள்ள குழந்தைக்கு வரம்பு 90; அங்கே இவர்களுக்கு இடம் உண்டு.

பதிவு முடிந்ததும் சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து ஆய்வறிக்கை எழுதுவார். அதற்காக வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டியதில்லை. அவர் பார்ப்பது சுவரை அல்ல. அப்புறம் காத்திருப்பு, ஆண்டுக்கணக்கில். முறை வந்து குழந்தையின் விவரம் திரையில் தெரிந்தால் 48 மணி நேரத்துக்குள் முன்பதிவு செய்ய வேண்டும். குழந்தையின் மருத்துவ அறிக்கையை உங்களுக்குத் தெரிந்த டாக்டரிடம் காட்டி விளக்கம் கேட்க உரிமை உண்டு, தயங்காமல் கேளுங்கள். இறுதி உத்தரவு வாங்க முன்பெல்லாம் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. 2022 செப்டம்பர் முதல் மாவட்ட ஆட்சியரே தருகிறார்.

குழந்தை வீட்டுக்கு வந்தபின் இரண்டு ஆண்டுகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பணியாளர் வந்து பார்ப்பார். இதைச் சோதனை என்று நினைத்து, "எல்லாம் நல்லா இருக்குங்க" என்று காபி கொடுத்து அனுப்பிவிடும் குடும்பங்கள் உண்டு. பிள்ளை இரவில் தூங்குவதில்லை, சாப்பாட்டைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைக்கிறது, அம்மாவிடம் மட்டும் ஒட்டவில்லை என்பதையெல்லாம் சொல்ல வேண்டிய நேரமே அதுதான். பிள்ளையும் குடும்பமும் ஒட்டிக்கொள்ளச் சிரமப்பட்டால் உளவியல் ஆலோசனைக்கு ஏற்பாடு செய்வது தத்து நிறுவனத்தின், அதாவது பிள்ளையை உங்களிடம் ஒப்படைத்த காப்பகத்தின் கடமை. இரண்டு ஆண்டு கழித்தும் அதே மாவட்ட அலுவலகத்தில் போய்க் கேட்கலாம்.

விடுப்பு பற்றி ஒரு வார்த்தை. மத்திய அரசுப் பெண் ஊழியர் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தத்தெடுத்தால் 180 நாள் விடுப்பு உண்டு. ஆண் ஊழியருக்கு 15 நாள். இரண்டுக்கும் வாழும் குழந்தைகள் இரண்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். தனியார் நிறுவனத் தாய்மாருக்கு 2017 சட்டத் திருத்தம் 12 வாரம் கொடுத்தது, ஆனால் 3 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு மட்டும் என்று ஒரு கொக்கியும் போட்டது. கைவிடப்பட்ட பச்சைக் குழந்தையைத் தத்துக்குத் தகுதியானது என்று அறிவிக்கவே 2 மாதம் வரை ஆகலாம். தாய் ஒப்படைத்த குழந்தையானால் அவர் மனம் மாற 60 நாள் அவகாசம். பிறகு 3 மாதக் குழந்தை யாருக்குக் கிடைக்கும்? இந்தக் கொக்கி உச்ச நீதிமன்றம் வரை போனதில் வியப்பில்லை. உங்கள் அலுவலகத்தில் இன்றைய விதியைக் கேட்டு எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வளர்ப்புப் பராமரிப்பு விதிகள் 2024-ல் தளர்ந்தன. இப்போது திருமணமாகாதவர், விவாகரத்தானவர், துணையை இழந்தவர் எனத் தனியாக இருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம். பொதுவாக 6 வயதுக்கு மேற்பட்ட, காப்பகத்தில் இருக்கும் பிள்ளைகள்தான் வருவார்கள். முன்பு ஐந்து ஆண்டு வளர்த்தால்தான் தத்தெடுக்கக் கேட்க முடியும். இப்போது இரண்டே ஆண்டு. குழந்தைகள் நலக் குழு தந்த உத்தரவின் நகல் எப்போதும் கையில் இருக்கட்டும். பள்ளியிலும் மருத்துவமனையிலும் "நீங்க யாரு?" என்று கேட்டால் நீட்டுவதற்கு உங்களிடம் இருப்பது அந்தக் காகிதம்தான்.

யாராவது "ஆஸ்பத்திரியிலேயே முடிச்சிடலாம், குழந்தை ரெடி" என்று வந்தால் ஒதுங்கிவிடுங்கள். பணம் கொடுத்துக் குழந்தை வாங்குவது ஐந்து ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள்.

குழந்தையைக் கையில் தரும் நாளில் ஒன்றை மறக்காமல் கேட்டு வாங்குங்கள்: நினைவு ஆல்பம். தத்து நிறுவனத்தில் இருந்த காலத்துப் படங்களும், பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்ற குறிப்பும் அதில் இருக்கும். தருவது அந்த நிறுவனத்தின் பொறுப்பு. பெற்றவரின் பெயர் அதில் இருக்காது. 18 வயதானபின் தன் வேரைத் தேட வேண்டுமென்றால் பிள்ளை தானே விண்ணப்பிக்கலாம், பெற்ற தாய் தன் அடையாளத்தை மறைத்துக்கொள்ளும் உரிமைக்கு உட்பட்டு. அதுவரை "நான் குட்டியா இருந்தப்ப எப்படி இருந்தேன்?" என்று கேட்டால் எடுத்துக் காட்ட வீட்டில் இருப்பது அந்த ஆல்பம்தான்.