சொல் விளக்கம்: ரிப்பேர், பழுது, பழுதுபார்த்தல்

“அண்ணே, சிஸ்டம் ரிப்பேர் ஆயிடுச்சு. சீக்கிரம் ரிப்பேர் பண்ணித் தரணும்ணே.”

கணினி பழுதுபார்க்கும் எனக்கு வரும் போன் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும். ஒரே மூச்சில் ஒரே சொல் இரண்டு முறை வருகிறது. முதலில் வரும்போது கெட்டுப்போனதைச் சொல்கிறது, அடுத்து வரும்போது சரிசெய்வதைச் சொல்கிறது. கேட்பவர் யாரும் குழம்புவதில்லை. ‘ஆயிடுச்சு’ சேர்ந்தால் நோய், ‘பண்ணு’ சேர்ந்தால் மருந்து. பின்னால் வரும் வினைதான் பொருளைப் பிரித்துக் காட்டுகிறது.

ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்குப் பழுது என்ற பொருள் கிடையாது. அதன் வேர் லத்தீன். ‘ரெ’ என்றால் மறுபடியும், ‘பராரே’ என்றால் ஆயத்தம் செய்தல். ‘ரெபராரே’ பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ‘ரிப்பேர்’ ஆனது. மறுபடி வேலைக்கு ஆயத்தமாக்குவது என்பதுதான் அதன் உள்ளர்த்தம். தமிழுக்கு வந்ததும் அது தலைகீழாகத் திரும்பிவிட்டது. ‘வண்டி ரிப்பேருக்குப் போயிருக்கு’ என்று சொல்லிச் சொல்லி, ரிப்பேரில் கிடக்கும் வண்டியே ‘ரிப்பேர் வண்டி’ ஆகியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இது ஒன்று மட்டும் இப்படித் திரும்பவில்லை. கணினிக் கடைக்குள் போய் நின்று பாருங்கள். “ராம் கம்ப்ளைண்ட்”, “எஸ்எம்பிஎஸ் கம்ப்ளைண்ட்”, “நோ டிஸ்பிளே கம்ப்ளைண்ட்” என்பதுதான் காதில் விழும். (ராம் என்பது கணினியின் தற்காலிக நினைவகம், எஸ்எம்பிஎஸ் என்பது அதற்கு மின்சாரம் தரும் பெட்டி.) ஆங்கிலத்தில் ‘கம்ப்ளைண்ட்’ என்றால் ஒருவர் வாய்விட்டுச் சொல்லும் முறையீடு. நம் கடைகளில் அது பொருளுக்குள் இருக்கும் கோளாறாகவே மாறிவிட்டது. ஆக, பழுதைக் குறிக்க ரிப்பேர், கம்ப்ளைண்ட் என்று இரண்டு சொற்களை எடுத்துக்கொண்டோம். சரிசெய்யும் வேலையைப் பில்லில் எழுத ‘சர்வீஸ்’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டோம். தூசி ஊதினாலும் சர்வீஸ், ஃபேன் மாற்றினாலும் சர்வீஸ், மதர்போர்டு என்ற முதன்மைப் பலகையிலிருந்து ஐசி எனும் சில்லைச் சூடாக்கிப் பெயர்த்து வேறு வைத்தாலும் சர்வீஸ். கணினியைக் கொடுத்தவருக்கு எந்த வேலைக்குப் பணம் கொடுத்தோம் என்பதே தெரியாமல் போய்விடுகிறது. சொல் மங்கலாக இருந்தால் வேலையும் மங்கலாகிறது. இந்தச் சொற்களை நான் தோண்டக் காரணம் அதுதான்.

சரி, நம் பக்கம் என்ன இருக்கிறது? பழுது. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் உரியியலில், அருஞ்சொற்களுக்குப் பொருள் சொல்லும் இடத்தில், இந்தச் சொல்லுக்கென்றே ஒரு சின்னச் சூத்திரம் இருக்கிறது: ‘பழுது பயமின்றே’. இங்கே பயம் என்பது அச்சம் இல்லை, பயன். பழுது என்றால் பயன் இல்லாமை. ‘பழுது கழி வாழ்நாள்’ என்பது உரையில் வரும் எடுத்துக்காட்டு. வீணாகக் கழிந்த ஆயுள் என்று அர்த்தம்.

இந்த விளக்கம் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. உடைந்தது பழுது என்று தொல்காப்பியர் சொல்லவில்லை. பயன்படாமல் நிற்பதுதான் பழுது. கணினிக்கு இதைவிடப் பொருத்தமான வரையறை எனக்குத் தெரியாது. ஒரு ராம் பட்டை அதன் இடத்திலிருந்து ஒரு மில்லிமீட்டர் மேலே எழும்பி நிற்கிறது. எதுவும் உடையவில்லை, எதுவும் கருகவில்லை, ஆனால் திரை வராது. அது பழுதுதான். அதே சமயம், மூலையில் கீறல் விழுந்த கேபினட்டோ, ஒரு கொக்கி போன கீபோர்டோ வேலை செய்துகொண்டிருந்தால் அவை பழுது இல்லை.

பிறகு சொல்லின் பொருள் விரிந்தது. திருக்குறளில் ‘பழுதெண்ணும் மந்திரி’ வருகிறான். கூடவே இருந்து தீங்கு நினைக்கும் அமைச்சன் பக்கத்தில் இருப்பதைவிட எழுபது கோடிப் பகைவர் இருப்பது மேல் என்கிறது குறள். அங்கே பழுது என்பது குற்றம், தீங்கு. அப்புறம் பதன் கெட்டதும் பழுதானது. இலங்கைத் தமிழில் இன்றைக்கும் மீன் பழுதாய்ப் போகும், மெஷினும் பழுதாய்ப் போகும். தமிழ்நாட்டுப் பேச்சில் மீன் கெட்டுப்போகிறது, மெஷின் ரிப்பேர் ஆகிறது. ‘பழுதடைந்த’ என்பதை நாம் செய்தித்தாளுக்கும் அரசு அறிவிப்புக்கும் ஒதுக்கி வைத்துவிட்டோம். அது உயிரோடு புழங்கும் இடம் இன்னும் இருக்கிறது என்பது எனக்கு ஆறுதலாக இருக்கிறது.

இடையில் ஒன்று. வைக்கோலில் திரிக்கும் கயிற்றுக்குப் பழுதை என்று பெயர். ‘பழுதை என்று மிதிக்கவும் முடியாது, பாம்பு என்று தாண்டவும் முடியாது’ என்ற பழமொழி அதிலிருந்து வந்தது. அது வேறு சொல், ஆனால் ஒருநாள் வந்து ஒருநாள் வராத பழுதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பழமொழிதான் என் நினைவுக்கு வரும். வாடிக்கையாளர் வீட்டில் கணினி பத்து நிமிடத்தில் அணைந்துவிடும், நம் மேசையில் நாள் முழுக்க ஓடும். இந்தத் தொழிலில் இதைவிடக் கடினமான பழுது இல்லை.

இனி ‘பார்த்தல்’. பழுது நீக்குதல், பழுது களைதல் என்றெல்லாம் சொல்லலாம். கலைச்சொல் பட்டியல்களிலும் ‘பழுதுநீக்கல்’ உண்டு. ஆனால் மக்கள் வாயில் நின்றது ‘பழுது பார்த்தல்’. தமிழில் ‘பார்’ கண்ணோடு நிற்கும் வினை இல்லை. வைத்தியம் பார்க்கிறோம், கணக்குப் பார்க்கிறோம், வேலை பார்க்கிறோம். பிரசவம் பார்த்த பாட்டி சும்மா நின்று வேடிக்கை பார்க்கவில்லை, பிள்ளை கைக்கு வரும்வரை எல்லாவற்றையும் செய்தாள். பார்ப்பதில் தொடங்கிச் செய்து முடிப்பது வரை மொத்தத்தையும் அந்த ஒரு வினை தாங்குகிறது. ‘ரெபராரே’ முடிவைச் சொல்கிறது. நம் சொல் வேலை எங்கே தொடங்கவேண்டும் என்பதைச் சொல்கிறது.

எங்கள் வீட்டு முதல் கணினி ஒருநாள் திரை வராமல் நின்றது. ஒரு கடையில் கொடுத்தோம். மூடியைக்கூட முழுக்கக் கழற்றாமல் “போர்டு டெட்” என்றார்கள். அப்பா பணம் புரட்டிப் புது மதர்போர்டு வாங்கினார். பழைய பலகையை நான் கேட்டு வாங்கி அட்டைப் பெட்டியில் போட்டு வைத்தேன். சில வருடம் கழித்து வேலை கற்றுக்கொண்ட இடத்தில் அதை எடுத்துப்போய் மேசையில் வைத்தேன். கற்றுக்கொடுத்த அண்ணன் அதைத் தொடவே இல்லை. “தம்பி, மொதல்ல பாரு” என்றார். ராமைக் கழற்றிப் பார்த்தேன். விளிம்பில் தங்க நிறத்தில் இருக்கவேண்டிய பட்டைகள் கறுத்திருந்தன. பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் துடைத்து, துகளைத் தட்டிவிட்டு, இரண்டு பக்கமும் ‘க்ளிக்’ என்று கேட்கும்வரை அழுத்தினேன். திரை வந்தது. அப்பா அப்போது உயிரோடு இல்லை.

அந்த அண்ணன் சொன்ன ‘பாரு’வில் கண், காது, மூக்கு, கை எல்லாம் அடக்கம். முதலில் மின்கம்பியைப் பிடுங்கவேண்டும். பிறகு பவர் பொத்தானைச் சில நொடி அழுத்திப் பிடித்தால் பலகையில் தேங்கிய மின்சாரம் வடியும். கேபினட்டின் வெறும் இரும்பைத் தொட்டு உடம்பிலுள்ள நிலைமின்னைக் கழித்துவிட்டுத்தான் உள்ளே கை வைக்கவேண்டும். அதன் பிறகு கண். பலகையில் நிற்கும் சின்ன உருளைகளான, மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்கவேண்டும். புடைத்திருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ பழுது அங்கேதான். 2000-களின் தொடக்கத்தில் வந்த பல பலகைகள் இந்தக் கெப்பாசிட்டர் கோளாறிலேயே செத்தன. மூக்கு கருகல் வாடையைப் பிடிக்கும். மறுபடி மின்சாரம் கொடுத்து எழுப்பினால், காது பீப் ஒலியைக் கேட்கும். ஒலி எத்தனை முறை, நீளமா குட்டையா என்பது, கணினி எழும்போது முதலில் ஓடும் மென்பொருளான பயாஸுக்கு பயாஸ் மாறும் என்பதால் பலகையின் கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

கணினியை அணைத்து எழுப்பும்போதெல்லாம் தேதி பல வருடம் பின்னால் போய் நிற்கிறதா? பலகையில் காசு மாதிரி ஒட்டியிருக்கும் சிஆர்2032 பேட்டரியைப் பாருங்கள். அந்த எண்ணே அதன் அளவு. 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். புதிதாக இருந்தால் 3 வோல்ட் காட்டும். கடிகாரக் கடையிலும் கிடைக்கும். இதற்காகக் கணினியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை.

உயிரே இல்லை, ஃபேன்கூடச் சுற்றவில்லை என்றால் முதலில் எஸ்எம்பிஎஸ்ஸைப் பாருங்கள். அதன் கம்பிகளை எல்லாம் பலகையிலிருந்து கழற்றிவிட்டு, 24 முனைச் செருகியில் பச்சைக் கம்பியையும் ஒரு கறுப்புக் கம்பியையும் சிறு கம்பித்துண்டால் இணைத்து மின்சாரம் கொடுத்தால் அது தனியே ஓடும். ஃபேன் சுற்றிவிட்டது என்பதால் நல்லது என்று முடிவு கட்டக்கூடாது. வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரில் ஆரஞ்சுக் கம்பி 3.3, சிவப்பு 5, மஞ்சள் 12 வோல்ட் காட்டவேண்டும். ஐந்து சதவீதம் ஏறி இறங்கலாம். மஞ்சள் 11.4-க்குக் கீழே போனால் சந்தேகப்படலாம். இந்தச் சோதனையைத் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது பழகிக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் பெட்டியின் மூடியை மட்டும் கழற்றாதீர்கள். நம் வீட்டு 230 வோல்ட் உள்ளே நேர்மின்னாக (டிசியாக) மாறும்போது 300 வோல்ட்டைத் தாண்டும். கம்பியைப் பிடுங்கிய பிறகும் அது கெப்பாசிட்டரில் தங்கியிருக்கும். புதியவர்கள் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றலாம், திறக்கக்கூடாது.

இவை பழுதுபார்த்தல். பழுது வராமல் காப்பது வேறு வேலை, அதற்குச் சொல்லும் வேறு. ‘பராமரிப்பு’ என்கிறோம். ‘பராமர்சம்’ என்ற வடமொழிச் சொல்லோடு தொடர்புபடுத்துவார்கள். பழகிய சொல்தான், குறை ஒன்றும் இல்லை. ஆனால் ‘பேணல்’ என்ற நல்ல தமிழ்ச்சொல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. சின்னது, பொருள் தெளிவானது. பிளோயரால் தூசி ஊதுவது பேணல். ஊதும்போது ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளவேண்டும், இல்லாவிட்டால் அது கண்டபடி சுழன்று பேரிங் போகும். பிராசசருக்கும் அதன் மேலுள்ள அலுமினியக் கட்டைக்கும் நடுவே காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை, அதாவது சூட்டைக் கடத்தும் பசையைத் துடைத்துவிட்டு, பட்டாணி அளவு புதிதாக வைப்பதும் பேணல்தான். ‘சர்வீஸ்’ என்று பில் போடும் கடைகள் ‘பேணல்’, ‘பழுதுபார்ப்பு’ என்று இரண்டு வரியாகப் பிரித்துப் போட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

வேறு சொற்களும் இருக்கின்றன. ‘மராமத்து’ அரபி, பாரசீகம் வழி வந்தது. ஏரி, குளம், வாய்க்காலை ஊரே கூடிச் சீராக்குவது குடிமராமத்து. 1858-ல் ஆங்கிலேயர் அதைக் கட்டாய உழைப்புச் சட்டமாகவே சென்னை மாகாணத்தில் போட்டார்கள். கட்டடமும் கரையும் சார்ந்த சொல், கணினிக்கு ஒட்டாது. ‘செப்பனிடுதல்’ அழகானது. செப்பம் என்றால் நேர்மை, ஒழுங்கு. குண்டும் குழியுமான சாலைக்கு அது பொருந்துகிறது, மின்சுற்றுக்கு அவ்வளவாக இல்லை. இலங்கையில் சைக்கிளையும் ரேடியோவையும் ‘திருத்துவார்கள்’. எனக்கு மிகவும் பிடித்த வழக்கு இது. தமிழ்நாட்டில் விடைத்தாளைத் திருத்தும் வேலையோடு அது குழம்பிவிடும் என்பதால் விட்டுவிடுகிறேன். ‘ஹார்டுவேர்’ பற்றியும் ஒரு வரி. ‘ஹார்டுவேர்ஸ்’ என்று பலகை மாட்டிய நம் ஊர்க் கடையில் ஆணியும் தாழ்ப்பாளும் பெயின்ட்டும்தான் கிடைக்கும். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லின் பழைய பொருளே இரும்புச் சாமான்தான், கணினி பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. அதற்கு ‘வன்பொருள்’ நிலைபெற்றுவிட்டது, மாற்ற வேண்டியதில்லை.

ஆக, என் பரிந்துரை இது. கெட்டுப்போன நிலைக்குப் பழுது. சரிசெய்யும் வேலைக்குப் பழுதுபார்த்தல், பெயராகச் சொல்லும்போது பழுதுபார்ப்பு. சேர்த்தே எழுதலாம். செய்பவர் பழுதுபார்ப்பவர். முன்கூட்டிக் காப்பது பேணல். பேச்சில் ‘ரிப்பேர்’ வந்தால் வரட்டும், யாரையும் திருத்தப் போகவேண்டாம். எழுதும் இடத்தில், பில்லில், பாடத்தில், கடைப் பெயர்ப்பலகையில் மட்டும் இந்த வேறுபாட்டைக் காப்பாற்றலாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தெருப் பிள்ளைகள் சிலருக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுக்கிறேன். வேலைச் சீட்டில் ‘கம்ப்ளைண்ட்’ என்றிருந்த கட்டத்தை அடித்துவிட்டு, ‘சொன்னது’, ‘பார்த்தது’, ‘செய்தது’ என்று மூன்று கட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். போன வாரம் பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் நிரப்பிய சீட்டு இது:

சொன்னது: மதர்போர்டு ரிப்பேர்.
பார்த்தது: ராம் ஒரு பக்கம் தூக்கி நிற்கிறது. ஃபேனில் தூசி.
செய்தது: ராமை அழுத்தி மாட்டினேன். தூசி ஊதினேன். போர்டில் பழுது இல்லை.